பம்பு தருவார்; பட்டறை தருவாரா?

(காங்கேயத்தில் நடைபெற்ற அரசியல் விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காங்கேயத்தில் நின்றுகொண்டு காற்றைப் பற்றியும் கதிரவனைப் பற்றியும் பேசுவது, கொல்லன் தெருவிலே ஊசி விற்பதற்கு ஒப்பாகும் என்பதை நான் அறியாதவன் அல்லன். வெயில் என்றால் என்ன என்பதைக் கொப்பரை காயப்போடும் களத்திலே நிற்கும் தாய்மாருக்கு நான் சொல்லவேண்டுமா? காற்று என்றால் என்ன என்பதை, பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியிலே புகுந்து அடிக்கும் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த உங்களுக்கு நான் விளக்கவேண்டுமா? வேண்டாம். ஆனால் அந்த வெயிலை மின்சாரமாக்கும் கருவி யாருடையது, அந்தக் காற்றைப் பிடிக்கும் இறக்கையின் சூத்திரம் யார் கையில் இருக்கிறது, அதைப் பெறுவதற்கும் பிறருக்குத் தருவதற்கும் டெல்லியிலே அமர்ந்திருக்கும் அரசு எந்த முறையைக் கையாள்கிறது என்ற கேள்விகளை எழுப்பவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

"இதெல்லாம் பெரிய நாடுகளின் பேச்சு, நமக்கு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மழை தவறினால் முதலில் வற்றுவது வெள்ளை மாளிகையின் கிணறா, வெள்ளகோவில் விவசாயியின் கிணறா? பதில் உங்களுக்குத் தெரியும். எனவே பேச்சும் நம்முடையதுதான்.

வாக்கு ஒன்று; வழக்கு வேறு

இருநூறு ஆண்டுகளாக நிலக்கரியை எரித்தார்கள், எண்ணெயை எரித்தார்கள். இங்கிலாந்து எரித்தது, அமெரிக்கா எரித்தது, ஐரோப்பா எரித்தது. ஆலை எழுந்தது, செல்வம் குவிந்தது. எழுந்த புகை மட்டும் எல்லைக்கல் பார்க்காமல் உலகெங்கும் பரவியது. புவி சூடேறிவிட்டது என்று விஞ்ஞானிகள் எச்சரித்தபோது, 1992ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ரியோ நகரிலே உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வளர்ந்த நாடுகள், புவியைச் சூடாக்காத தொழில்நுட்பங்களை வளரும் நாடுகளுக்கு மாற்றித் தருவதற்கும், அதற்குப் பணம் அளிப்பதற்கும், இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கவேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு கூறுகிறது. அது எவரோ போட்ட பிச்சை அன்று; ஒப்புக்கொண்ட கடமை.

கடமை நிறைவேறியதா? 2010இல் மெக்சிகோவின் கான்கூன் நகரிலே, தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு செயற்குழுவும் ஓர் ஆலோசனை மையமும் அமைத்தார்கள். 2015இல் பாரிசிலே மீண்டும் ஒரு பிரிவு எழுதினார்கள். குழுக்கள் கூடின, அறிக்கைகள் அச்சாகின. ஆனால் காப்புரிமைப் பெட்டியின் பூட்டைத் திறப்போம் என்று இந்தியா முதலிய நாடுகள் குரல் எழுப்பிய போதெல்லாம், பெட்டியின் சொந்தக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பணத்தின் கதை என்ன? 2009இல் கோபன்ஹேகனிலே, 2020க்குள் ஆண்டுக்கு 10 ஆயிரம் கோடி டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் கணக்குப்படியே அந்த இலக்கு எட்டப்பட்டது 2022இல்தான். 2024இல் அசர்பைஜானின் பாக்கு நகரிலே, 2035க்குள் ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி டாலர் என்று முடிவெடுத்தபோது, இது போதாது என்று இந்தியப் பிரதிநிதி அந்த மன்றத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே, பாரிஸ் உடன்பாட்டிலிருந்து மீண்டும் வெளியேறுகிறோம் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்தார். அதிகமாய் எரித்த வீட்டுக்காரர், அணைக்கும் வேளையில் ஊரை விட்டுப் போகிறேன் என்கிறார்!

பாக்குவிலே இந்தியா எழுப்பிய குரல் நியாயமான குரல். டெல்லி அரசின் பல கொள்கைகளை நாம் எதிர்க்கிறோம். ஆனால் நியாயத்தைப் பேசும்போது நியாயம் என்றே சொல்வோம். அதுதான் நமக்கு அழகு.

பூட்டாத விதை

"அறிவைக் கண்டுபிடித்தவனுக்கு ஆதாயம் வேண்டாமா? பூட்டாமல் விட்டால் யார் ஆராய்ச்சி செய்வார்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். பதில் உங்கள் அரிசி ஆலையிலேயே இருக்கிறது.

1960இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோசில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இந்தோனேசியாவின் உயரமான நெல்லையும் தைவானின் குட்டை நெல்லையும் கலந்து, 1966இல் ஐ.ஆர்.8 என்ற நெல்லை வெளியிட்டார்கள். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. கேட்ட நாட்டுக்குக் கொடுத்தார்கள்; கேட்ட உழவனுக்குக் கிடைத்தது. அந்த நெல்லின் வழித்தோன்றல்கள் எத்தனையோ ஆசிய வயல்களில் விளைந்தன. காங்கேயத்து ஆலைகளிலும் அரைபட்டன. அந்த நெல்லுக்கு உரமும் நீரும் மிகுதியாய்க் கேட்கும் குறை இருந்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் பசித்த உலகுக்குச் சோறிடும் அறிவைப் பூட்டி வைக்கவேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

இன்னொரு சான்று, மருந்து. நீதியரசர் ராஜகோபால அய்யங்கார் அளித்த 1959ஆம் ஆண்டு அறிக்கையின் அடிப்படையிலே, 1970இல் இந்தியா புதிய காப்புரிமைச் சட்டம் இயற்றியது. மருந்துக்கு அதைச் செய்யும் முறையின்மீது மட்டுமே காப்புரிமை உண்டு, பொருளின்மீது இல்லை என்றது அந்தச் சட்டம். வேறு முறையிலே அதே மருந்தைச் செய்ய நம் ஆய்வாளர்கள் கற்றார்கள். மருந்தின் விலை இறங்கியது. இந்திய மாத்திரை ஆப்பிரிக்க நாடுகளின் எய்ட்ஸ் நோயாளிக்கும் போய்ச் சேர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிக்குப் பணிந்து 2005இல் அந்தச் சட்டத்தை நாம் திருத்தவேண்டி வந்தது. ஆனாலும், கட்டாய உரிமம் என்னும் பிரிவு சட்டத்தில் நின்றது. 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள்.

மருந்துக்குக் காட்டிய அந்த உறுதியைப் புவியின் காய்ச்சலைத் தணிக்கும் மருந்துக்கும் காட்டினால் என்ன என்பதே நம் கேள்வி.

குடிக்கூலிக்கு வந்த காற்றாலை

நம் மாநிலத்தின் காற்றாலைக் கதையைப் பாருங்கள். 1980களின் நடுவில் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் சோதனை முறையில் தொடங்கியது. பின்னர் டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் எழுந்தன. அந்த வெற்றியைக் கண்டு தனியார் வந்தனர். உடுமலை, பல்லடம், தாராபுரம் எங்கும் இறக்கைகள் சுழன்றன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. கொடுக்கும் மனத்தோடு கொடுத்தால், கற்கும் திறத்தோடு கற்றால், என்ன விளையும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மறுபக்கமும் உண்டு. 1994இல் ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் இந்தியக் கூட்டாளியோடு சேர்ந்து இங்கே காற்றாலை உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு கூட்டாளிகளுக்குள் பூசல் மூண்டது. காப்புரிமை வழக்கு வந்தது. சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2010இல் அந்தக் காப்புரிமைகளில் பலவற்றைச் செல்லாதவை என்றது. 2014இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. அந்த வழக்கு நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றே: தொழில்நுட்பம் நம் வீட்டுக்குக் குடிக்கூலிக்கு வந்தால், எந்த நாளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படலாம். குடும்பத்தில் ஒருவராக வந்தால்தான் நிலைக்கும்.

சூரிய மின்சாரத்திலும் இதுவே நடந்தது. 2010இல் தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தைத் தொடங்கிய டெல்லி அரசு, குறிப்பிட்ட திட்டங்களுக்கு இந்தியாவில் செய்த சூரியக் கலங்களையே வாங்கவேண்டும் என்று விதித்தது. "கூடாது!" என்று 2013இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பிலே வழக்குத் தொடுத்தது. 2016 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. அதே அமெரிக்காவின் மாநிலங்கள் பல, உள்ளூர்ப் பொருளுக்குச் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தன! இந்தியா எதிர்வழக்குத் தொடுத்தது. 2019இல் நடுவர் குழு இந்தியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. முடிவில், 2023இல் இரு அரசுகளும் பேசி இரண்டு வழக்குகளையும் முடித்துக்கொண்டன. அரசுகள் கைகுலுக்கின, மகிழ்ச்சி. இடையிலே இழந்த பத்தாண்டை நம் பட்டறைகளுக்கு யார் திருப்பித் தருவார்?

கேட்கும் கை, கொடுக்கும் கை

இதுவரை கேட்கும் கையைப் பார்த்தோம். இனிக் கொடுக்கும் கையைப் பார்ப்போம்.

2015 நவம்பர் 30ஆம் நாள் பாரிசிலே, இந்தியப் பிரதமரும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரும் சர்வதேச சூரியக் கூட்டணியைத் தொடங்கி வைத்தார்கள். 2017 டிசம்பரில் அது உடன்படிக்கையாக நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் டெல்லிக்கு அருகே குருகிராமில். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. வெயில் அடிக்கும் ஏழை நாடுகள் ஒன்று சேர்ந்து தகட்டையும் பம்பையும் மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை குறையும் என்பது அதன் கருத்து. 2019இல் 22 நாடுகளுக்காக ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் சூரியப் பம்புகளுக்கு விலைப்புள்ளி கோரினார்கள். கருத்து நல்ல கருத்து, மறுப்பவர் எவருமில்லை.

அதற்கும் முன்பே, 1964இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் பல நாட்டினர் இங்கே வந்து பயில்கிறார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனத்திலே அயல்நாட்டுப் பொறியாளர்கள் காற்றை அளக்கவும் காற்றாலையை நடத்தவும் கற்றுப் போகிறார்கள். இராசத்தானின் திலோனியா கிராமத்திலே, எழுதப் படிக்கத் தெரியாத ஆப்பிரிக்கப் பாட்டிமார்கள் மாதக்கணக்கில் தங்கி, சூரிய விளக்கைப் பூட்டவும் பழுது பார்க்கவும் கற்று, ஊர் திரும்பி விளக்கேற்றியிருக்கிறார்கள். எழுத்தறியாத மூதாட்டி கையில் திருப்புளியும் பற்றுக்கோலும் ஏந்தித் தன் கிராமத்தின் பொறியாளராகிறாள்! இதைத்தான் நாம் கொடை என்கிறோம். இதுதான் பட்டறையைத் தருவது.

ஆனால் இந்த வகைக் கொடை சிறிது. மற்றொரு வகை பெரிது. 2018 மார்ச்சில் சூரியக் கூட்டணியின் மாநாடு டெல்லியில் நடந்தபோது, 15 நாடுகளில் 27 திட்டங்களுக்கு ஏறத்தாழ 140 கோடி டாலர் கடன் தருவதாக இந்தியா அறிவித்தது. இத்தகைய இந்தியக் கடன்களுக்குப் பொதுவிதி ஒன்று உண்டு: வாங்கும் பொருளிலும் பணியிலும் 75 விழுக்காடு இந்தியாவிலிருந்தே வாங்கவேண்டும். நம் ஆலைக்கு வேலை கிடைக்கிறது என்று மகிழலாம். ஆனால், உள்ளூரிலே செய்த கலங்களை வாங்குவோம் என்று நாம் சொன்னபோது கூடாது என்று வழக்காடியவனை இப்போதுதானே கண்டித்தோம்? உகாண்டாவின் உழவனும் தன் ஊர்ப் பட்டறை பிழைக்கவேண்டும் என்று எண்ணமாட்டானா? நமக்கு ஒரு நீதி, நமக்குக் கீழே நிற்பவனுக்கு ஒரு நீதியா?

அடுத்து, கொடுக்கும் பொருள் முதலில் நம் கையில் இருக்கிறதா? சூரியத் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022இல் கணக்கிட்டது. இந்தியாவில் தகடு பூட்டும் ஆலைகள் பெருகியுள்ளன, பாராட்டுகிறோம். ஆனால் தகட்டுக்கு அடியில் கலம், கலத்துக்கு அடியில் சிலிக்கான் வில்லை, வில்லைக்கு அடியில் தூய சிலிக்கான் என்று இறங்கிப் போகப் போக, நம் கை சுருங்கி அயலான் கை நீள்கிறது. அடுத்தவன் வீட்டு நெய்யை வாங்கி விருந்து வைத்து, வள்ளல் என்று பெயரெடுப்பது எத்தனை நாள் நிலைக்கும்?

கோவை சொல்லும் பாடம்

தோழர்களே! பெறுவது எப்படி, தருவது எப்படி என்று கற்றுக்கொள்ள டெல்லி அரசு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கொங்கு நாட்டுக்கு வந்தால் போதும்.

இந்தச் சீமை வானம் பார்த்த சீமை. நம் முன்னோர் கிணற்றுமேட்டிலே கவலை பூட்டி, காளையை முன்னும் பின்னும் நடத்தி, தோல்பறியில் நீர் இறைத்தார்கள். 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் எழுந்தது. கம்பி கோவைக்கு வந்தது; தோட்டத்துக்கு வந்தது. சீமையிலிருந்து பம்பும் மோட்டாரும் வந்தன. வந்த பம்பு பழுதானபோது நம் கொல்லனும் தச்சனும் வார்ப்படத் தொழிலாளியும் என்ன செய்தார்கள்? திறந்து பார்த்தார்கள். தேய்ந்த பாகத்தைத் தாமே வார்த்தார்கள். பிறகு முழுப் பம்பையும் வார்த்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படும் மோட்டார், 1937இல் ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் ஆகியோரின் முயற்சியால் கோவையிலே பிறந்தது. 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்பள்ளி தொடங்கியதும், ஒரு பட்டறையில் கற்றவன் வெளியேறி மற்றொரு பட்டறை வைத்ததும், இந்நாட்டின் பம்பு நகரமாகக் கோவை உயர்ந்ததும் அந்த வழியில்தான்.

திறந்து பார்க்கும் உரிமை, பழுது பார்க்கும் திறமை, தானே செய்து பார்க்கும் துணிவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தொழில்நுட்பம் ஊர் மாறிக் குடியேறும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வருவது வெறும் சரக்குதான். இன்றைய சூரியப் பம்பிலே மோட்டாரை நம் தொழிலாளி கட்டிவிடுகிறான். அதை ஆட்டிவைக்கும் மின்னணுப் பெட்டியின் உள்ளே இருக்கும் நிரல் அவனுக்குப் பூட்டியே கிடக்கிறது. பெட்டி கெட்டால் பெட்டியையே மாற்று என்கிறார்கள். நமக்கே இந்த நிலை என்றால், நம்மிடம் வாங்கும் நாட்டுக்கு எந்த நிலை?

நம்மை நாமும் கேட்போம்

டெல்லியைக் கேட்பதோடு கடமை முடிந்துவிடாது. நம்மை நாமும் கேட்டுக்கொள்ளவேண்டும். கொங்குக் கிணறுகள் எத்தனை அடிக்கு இறங்கிவிட்டன? ஆயிரம் அடி துளைத்தும் புகை மட்டும் வந்த ஆழ்துளைகளை நீங்கள் பார்த்ததில்லையா? பம்பைக் கொடுத்த நாம், நீரை அளந்து எடுக்கும் அறிவைக் கொடுத்தோமா? வெயில் இலவசம் என்று பகலெல்லாம் பம்பு ஓடினால், நிலத்தடி நீர் யாருக்கு மிஞ்சும்? சூரியப் பம்பை அயல்நாட்டுக்கு அனுப்பும்போது, சொட்டுநீர்ப் பாசனத்தையும், கிணற்று மட்டத்தை அளக்கும் பழக்கத்தையும், நாம் பட்ட பாட்டையும் சேர்த்து அனுப்புவதே நேர்மையான கொடை.

இன்னொன்று. கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி மேய்த்து, மழை குறைந்த மண்ணிலே காங்கேயம் காளையை வளர்த்தெடுத்தது நம் கொறங்காடு. இதுவும் தொழில்நுட்பம்தான்! வறண்ட மண்ணில் பிழைக்கும் வழி தேடும் ஆப்பிரிக்க மேய்ச்சல்காரனுக்குக் கொடுக்க நம்மிடம் உள்ள அரிய அறிவு இது. அந்தக் கொறங்காட்டை அழித்துத்தான் தகடு பதிக்கவேண்டும் என்றால், ஒரு பசுமையைக் கொன்று மற்றொரு பசுமையை விற்கிறோம் என்று பொருள். ஆலைக் கூரை இருக்கிறது. உலர்களத்து ஓரம் இருக்கிறது. பொட்டல் நிலம் இருக்கிறது. இடம் பார்த்து வைக்கட்டும். ஊரைக் கேட்டு வைக்கட்டும்.

நம் கோரிக்கை

ஆகவே, நான்கு கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தின் வாயிலாக முன்வைக்கிறேன்.

ஒன்று: புவியைக் காக்கும் கருவிகளின் காப்புரிமையைத் தளர்த்தவேண்டும் என்ற கோரிக்கையை உலக மன்றங்களிலே இந்தியா உறுதியோடு எழுப்பவேண்டும். கொரோனாக் காலத்தில், 2020 அக்டோபரில், தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து தடுப்பூசிக் காப்புரிமைக்கு விலக்குக் கேட்ட அரசு இது. 2022இல் கிடைத்தது குறைவுதான். ஆயினும் கேட்டதால்தான் அதுவும் கிடைத்தது. இங்கே உள்ள கட்டாய உரிமப் பிரிவையும் தேவை வந்தால் பயன்படுத்தத் தயங்கக்கூடாது.

இரண்டு: பொதுப்பணத்தில் ஆராய்ந்து கண்ட சூரிய, காற்று, சேமக்கலத் தொழில்நுட்பங்களை நம் சிறு பட்டறைகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் திறந்து வைக்கவேண்டும். மக்கள் வரியில் பிறந்த அறிவு மக்களுக்கே சொந்தம்.

மூன்று: சூரியக் கடன் கொடுக்கும்போது, வாங்கும் நாட்டிலேயே ஒரு பகுதியைச் செய்வதற்கும், அந்நாட்டுத் தொழிலாளரைப் பழக்குவதற்கும் விதி வகுக்கவேண்டும்.

நான்கு: இந்தக் கொள்கையைக் குருகிராமில் மட்டும் அமர்ந்து வகுக்காமல், மாநிலங்களை அழைத்துப் பேசவேண்டும். காற்று இங்கே, வெயில் இங்கே, பட்டறை இங்கே. முடிவு மட்டும் அங்கேயா?

தோழர்களே! இவை கைக்கு எட்டாத கோரிக்கைகள் அல்ல. கிளைக் கூட்டங்களிலே இதைப் பேசுங்கள். ரீவைண்டிங் கடையிலே வேலை செய்யும் தம்பியிடம் பேசுங்கள். அரிசி ஆலைத் தொழிலாளியிடமும், களத்திலே கொப்பரை புரட்டும் தாயிடமும் பேசுங்கள். புவி சூடேறுவது படித்தவர் மன்றத்துப் பொருள் என்ற எண்ணத்தை மாற்றுங்கள்.

கூட்டம் முடிந்து தாராபுரம் சாலை வழியே போகும் தோழர்கள், தொலைவிலே இருட்டில் சுழலும் இறக்கைகளைப் பார்ப்பீர்கள். அவற்றைப் பழுது பார்க்கக் கற்றுவிட்டோம். சூத்திரம் முழுவதையும் கற்கவேண்டும். கற்ற பிறகு, கதவைச் சாத்திக்கொள்ளாமல், அடுத்து நிற்பவனையும் உள்ளே அழைத்துக் கற்பிக்கவேண்டும்.